பெரிய எஞ்சின் ஏன் விலை அதிகம்? லிட்டருக்கும் ஆர்.பி.எம்.முக்கும் உள்ள கணக்கு

"டர்போ வந்துதான் எல்லாம் கெட்டது. பழையபடி பெரிய எஞ்சினையே போட்டால் என்ன? அதில் சிக்கலான பாகமே கிடையாதே, மலிவாகத்தானே முடியும்?" கார் பிரியர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. எதிர்த்தரப்பும் உடனே, "பெரிய எஞ்சின் என்றாலே கோடீஸ்வரன் சமாச்சாரம், அதைச் செய்யவே முடியாத செலவு" என்று அடித்துச் சொல்லும். இரண்டு பேச்சிலும் பாதி சரி, பாதி தவறு.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி) இல்லாத பெரிய எஞ்சின் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வெவ்வேறு ஜாதி எஞ்சின்களை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். ஒன்று, பெரிதாக இருந்து நிதானமாகச் சுற்றும் எஞ்சின். இதைச் செய்ய அதிகச் செலவில்லை. வைத்து ஓட்டத்தான் செலவு. மற்றது, பெரிதாகவும் இருந்து மிக வேகமாகவும் சுற்றும் எஞ்சின். இதைச் செய்வதற்கே காசைக் கொட்ட வேண்டும். லிட்டரைக் கூட்டுவது மலிவு. சுற்றைக் கூட்டுவதுதான் விலை. இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் விளக்கப்போகிறேன்.

## சி.சி. எதை அளக்கிறது?

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேல் முனையிலிருந்து கீழ் முனைக்கு இறங்கும்போது திறந்துவிடும் இடம் இருக்கிறதே, அதுதான் கொள்ளளவு. எல்லாச் சிலிண்டர்களின் கொள்ளளவையும் கூட்டினால் எஞ்சினின் சி.சி. ஆயிரம் சி.சி. ஒரு லிட்டர். எஞ்சின் கனமா, நீளமா என்பதெல்லாம் இந்த எண்ணில் தெரியாது. ஒரு முறை எவ்வளவு காற்று உள்ளே வர இடம் இருக்கிறது என்பது மட்டுமே தெரியும்.

காற்றுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் காற்றின் எடையோ 1.2 கிராம்தான். ஆக, ஒரு லிட்டர் இடத்தில் 0.08 கிராம் பெட்ரோலைத்தான் ஒழுங்காக எரிக்க முடியும். கூடுதல் பெட்ரோல் ஊற்றுவது பெரிய காரியமே இல்லை, இன்ஜெக்டர் இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருந்தால் போதும். அதை எரிக்கத் தேவையான காற்றை உள்ளே கொண்டுவருவதில்தான் எஞ்சினியரின் பாடெல்லாம்.

காற்றை அழுத்தித் தள்ள டர்போ, சூப்பர்சார்ஜர் போன்ற எந்தத் துணையும் இல்லாத எஞ்சினுக்கு நேச்சுரலி ஆஸ்பிரேட்டட் எஞ்சின் என்று பெயர். சுருக்கமாக என்.ஏ. எஞ்சின். இதில் பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளியே இருக்கும் வளிமண்டல அழுத்தமே காற்றை உள்ளே தள்ளுகிறது. அந்தத் தள்ளலுக்கு ஒரு வரம்பு உண்டு. ஊட்டிக்குக் கார் ஓட்டிப் போனவர்கள் இதைக் காலில் உணர்ந்திருப்பார்கள். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. என்.ஏ. எஞ்சினின் சக்தியும் அதே அளவில் குறைந்து, கீழே நன்றாக இழுத்த கார் மேலே போனதும் சோர்ந்துவிடும்.

## டவுன் பஸ்ஸை வைத்துப் பார்ப்போம்

ஒரு மணி நேரத்தில் அதிகம் பேரை ஏற்றிப் போக ஒரு டவுன் பஸ்ஸுக்கு மூன்று வழிகள்தான் இருக்கின்றன. பெரிய பஸ் விடலாம். அதே பஸ்ஸை அதிக டிரிப் அடிக்கலாம். அல்லது இருக்கிற பஸ்ஸிலேயே பின்னாலிருந்து தள்ளித் திணிக்கலாம். எஞ்சினுக்கும் இவைதான் வழி. பெரிய பஸ் என்பது லிட்டர். டிரிப் என்பது ஆர்.பி.எம்., அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு. பின்னாலிருந்து தள்ளுவது டர்போ.

திணிப்பதை விலக்கிவிட்டால் மிச்சம் இரண்டு வழி. இதில் டிரிப்பைக் கூட்டும்போது ஒரு சிக்கல் வரும். ஸ்டாப்பில் கதவு திறந்திருக்கும் நேரம் குறைந்துகொண்டே போகும். பஸ்ஸில் இடம் இருந்தும் ஆள் ஏற முடியாது. சிலிண்டரின் கொள்ளளவில் உண்மையில் எத்தனை சதவீதம் காற்று நிரம்புகிறது என்பதற்கு வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி என்று பெயர். நிரம்பல் திறன் என்று வைத்துக்கொள்வோம். சுற்று ஏற ஏற இந்த நிரம்பல் திறனைக் கீழே விழாமல் பிடித்து வைப்பதுதான் என்.ஏ. எஞ்சின் கலையின் உயிர்.

இதுவரை பார்த்தது: சக்தி என்பது காற்று, என்.ஏ. எஞ்சினில் காற்றைக் கூட்ட ஒன்று லிட்டரைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் சுற்றைக் கூட்ட வேண்டும். சுற்றைக் கூட்டினால் நிரம்புவதற்கு நேரம் போதாது.

## இரண்டு வி8, இரண்டு உலகம்

இனி நிஜமான இரண்டு எஞ்சின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். இரண்டும் அமெரிக்க வி8, அதாவது எட்டுச் சிலிண்டர்கள் ‘V’ வடிவில் நிற்கும் எஞ்சின். இரண்டிலும் டர்போ கிடையாது.

முதலாவது, ஃபோர்டு தன் பெரிய பிக்கப் டிரக்குகளுக்காக 2020-இல் கொண்டுவந்த 7.3 லிட்டர் எஞ்சின். ‘காட்ஸில்லா’ என்பது அதன் செல்லப்பெயர். சிலிண்டர்கள் அமைந்த பிளாக் வார்ப்பிரும்பு. எட்டுச் சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே ஒரு கேம்ஷாஃப்ட், அதாவது காற்று வந்துபோகும் கதவுகளான வால்வுகளைத் திறக்கும் ‘கேம்’ மேடுகள் கொண்ட தண்டு. அது பிளாக்கின் நடுவில் இருந்துகொண்டு நீண்ட தண்டுகள் வழியாக மேலே உள்ள 16 வால்வுகளையும் திறக்கிறது. இதற்கு புஷ்ராடு அமைப்பு என்று பெயர். 5,500 ஆர்.பி.எம்.மில் 430 குதிரைத்திறன்.

இரண்டாவது, செவர்லே கார்வெட் இசட்06 காரில் இருக்கும் எல்.டி.6. அளவு 5.5 லிட்டர்தான், காட்ஸில்லாவைவிட 1.8 லிட்டர் சிறியது. ஆனால் 8,400 ஆர்.பி.எம்.மில் 670 குதிரைத்திறன் தருகிறது.

இந்த எண்களை நிதானமாகப் பிரித்துப் பார்த்தால் ஓர் அழகான உண்மை வெளிவரும். எஞ்சின் கிராங்கை முறுக்கும் விசைக்கு டார்க் என்று பெயர். டார்க்கைச் சுற்றால் பெருக்கினால் கிடைப்பது சக்தி. உச்ச சக்தி கிடைக்கும் இடத்தில் காட்ஸில்லாவின் டார்க் சுமார் 557 நியூட்டன் மீட்டர், எல்.டி.6-இன் டார்க் சுமார் 568. கிட்டத்தட்ட ஒன்றேதான்! 240 குதிரைகள் வித்தியாசம் முழுக்க எங்கிருந்து வருகிறது என்றால், எல்.டி.6 அதே முறுக்கலை ஒன்றரை மடங்கு வேகமான சுற்றிலும் கைவிடாமல் தருகிறது என்பதிலிருந்துதான்.

முதல் எஞ்சின் கனடாவின் வின்ட்சர் நகரத் தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் வரிசையாக வந்துகொண்டிருக்கிறது, வேலை டிரக்குகளுக்குள் போகிறது. இரண்டாவதைக் கென்டக்கி மாநிலம் போலிங் கிரீனில் தனியாக ஒரு கூடத்தில், ஒரு எஞ்சினுக்கு ஒரு தொழிலாளி என்ற கணக்கில் கையால் கோக்கிறார்கள். கோத்தவரின் பெயர் பொறித்த தகடு எஞ்சின் மேல் இருக்கும். லிட்டர்தான் விலையைத் தீர்மானிக்கிறது என்றால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

## அந்த 3,000 சுற்றுக்கு என்ன விலை?

எல்.டி.6-இன் பிஸ்டன் மேலிருந்து கீழே வர 80 மில்லிமீட்டர் பயணம். 8,600 ஆர்.பி.எம். என்ற உச்ச வரம்பில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 143 முறை மேலே போய், நின்று, திரும்பி, கீழே வந்து, மறுபடி நின்று திரும்ப வேண்டும். மேல் முனையில் திரும்பும் அந்தக் கணத்தில் அது உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் சுமார் 4,000 மடங்கு. பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்த்து 400 கிராம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் அது ஒன்றரை டன்னுக்கு மேல் கனமுள்ள பொருளாக, தன்னைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து இழுக்கிறது. இந்த விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறும்: சுற்று இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு.

இதைத் தாங்க இரண்டே வழி: பாகத்தைக் கனமாக்கலாம், அல்லது விலை உயர்ந்த உலோகத்துக்குப் போகலாம். கனமாக்கினால் அந்தக் கனமே விசையைக் கூட்டிவிடும். ஆகவே எல்.டி.6-இல் கனெக்டிங் ராடுகள் டைட்டானியத்தில் அடித்து உருவாக்கியவை. காற்று உள்ளே வரும் வால்வுகளும் டைட்டானியம். டைட்டானியத்தின் விலையைவிட அதைக் கடைந்தெடுப்பதுதான் வேதனை. வெப்பம் சீக்கிரம் கடத்தாது, வெட்டும் கருவி சீக்கிரம் மழுங்கும்.

வால்வுகளைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் பிஸ்டனோடு நின்றுவிடுவார்கள். 8,400 சுற்றில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 70 முறை திறந்து மூடுகிறது. பிஸ்டன் கீழே இறங்க எடுக்கும் நேரம் வெறும் 3.5 மில்லி நொடி. வால்வை மூடுவது ஒரு ஸ்பிரிங். சுற்று எல்லை தாண்டினால் அந்த ஸ்பிரிங்கால் வால்வைக் கேமுடன் ஒட்டியே இறக்க முடியாது; வால்வு அந்தரத்தில் நின்றுவிடும். இதை வால்வு மிதத்தல் என்பார்கள். அப்போது பிஸ்டன் ஏறி வந்து வால்வை முட்டினால் எஞ்சின் அதோடு சரி. காட்ஸில்லாவின் புஷ்ராடு அமைப்பில் தண்டு, வால்வை அழுத்தும் ராக்கர் எல்லாம் சேர்ந்து ஆடும் எடை அதிகம் என்பதால் இந்தப் பயம் சீக்கிரமே வந்துவிடும். எல்.டி.6-இல் கேம்ஷாஃப்ட்டைச் சிலிண்டர்களின் மூடியான ஹெட்டுக்கே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஒன்றுக்குப் பதில் நான்கு கேம்ஷாஃப்ட், 16-க்குப் பதில் 32 வால்வு. பாகம் இரட்டிப்பு, செயின்கள் நீளம், ஹெட்டின் வார்ப்பே வேறு வகைச் சிக்கல்.

அடுத்து காற்று வரும் பாதை. வால்வு திடீரென மூடும்போது காற்றுக் குழாயில் ஓர் அழுத்த அலை எழுந்து திரும்பி ஓடும். அது மறுபடி வந்து சேரும் சமயமும் அடுத்த முறை வால்வு திறக்கும் சமயமும் ஒத்துப்போனால், அந்த அலையே கொஞ்சம் காற்றைக் கூடுதலாகத் தள்ளிவிடும். டர்போ இல்லாமலேயே நிரம்பல் திறன் 100 சதவீதத்தைத் தாண்டுவது இப்படித்தான். எனக்கு எஞ்சின் உலகில் மிகப் பிடித்த தந்திரம் இது. ஆனால் ஒரு குழாய் நீளம் ஒரு சுற்றுக்குத்தான் பொருந்தும். எல்லாச் சுற்றுக்கும் பொருந்த வேண்டுமென்றால் குழாயின் நீளத்தையோ பாதையையோ ஓடும்போதே மாற்றும் அமைப்பு வேண்டும். அதற்கும் ஆராய்ச்சி, அதற்கும் காசு.

## சிலிண்டரை அப்படியே பெரிதாக்கிவிட்டால்?

"சுற்றே வேண்டாம், சிலிண்டரை இன்னும் அகலமாக்கு" என்று ஒருவர் கேட்கலாம். தீப்பொறி நடுவில் பற்றி, சுவாலை ஓரம் வரை பரவ நேரம் எடுக்கும். சிலிண்டர் அகலமானால் சுவாலை போய்ச் சேருவதற்குள் ஓரத்தில் இருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்துவிடும். நம் மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். எனவே அதிகம் சுற்றும் பெரிய எஞ்சின் வேண்டுமென்றால் சிலிண்டரைச் சிறிதாக வைத்து எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். ஃபெராரியின் 6.5 லிட்டர் வி12-இல் ஒரு சிலிண்டருக்கு 541 சி.சி.தான். அதற்கு விலையாக 12 பிஸ்டன், 48 வால்வு, நீளமான கிராங்க். நீளமான கிராங்க் சுற்றும்போது முறுக்கித் தளரும்; அந்த அதிர்வை அடக்க இன்னொரு ஏற்பாடு வேண்டும்.

இதுவரை பார்த்தது: நிதானமான பெரிய எஞ்சினுக்கு எளிய பாகங்கள் போதும். சுற்றைக் கூட்டினால் ராடு, வால்வு, ஹெட், காற்றுக்குழாய், கிராங்க் என்று எல்லாமே ஒரே சமயத்தில் விலை ஏறும்.

## செய்து முடித்தபின் வரும் செலவு

அப்படியானால் காட்ஸில்லா போன்ற எளிய, பெரிய எஞ்சினைக் கார்களில் போட்டுவிடலாமே? அமெரிக்கா ஒரு காலத்தில் அதைத்தான் செய்தது. கேடிலாக் 1970-இல் 8.2 லிட்டர் வி8 விற்றது. மாசுக் கட்டுப்பாடுகள் இறுகி, ஈயம் கலக்காத பெட்ரோலுக்காகக் கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் அளவையும்) குறைத்த பிறகு, 1976-இல் அதே 8.2 லிட்டரின் கார்புரேட்டர் வடிவம் தந்தது வெறும் 190 குதிரைத்திறன். 2019-இல் வந்த மெர்சிடீஸ்-ஏஎம்ஜி ஏ45 எஸ் காரில் 2 லிட்டர் டர்போ 421 தந்தது.

பெரிய எஞ்சினின் நிஜமான பலவீனம் சும்மா போகும்போதுதான் தெரியும். சமதளச் சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போக ஒரு காருக்கு இருபது முப்பது குதிரைத்திறன் இருந்தால் தாராளம். அந்தச் சின்ன வேலைக்காக 6, 7 லிட்டர் எஞ்சினின் த்ராட்டிலை, அதாவது காற்று வரும் கதவை, கிட்டத்தட்ட மூடியே வைக்க வேண்டும். அப்போது எல்லாப் பிஸ்டன்களும் மூடிய கதவை எதிர்த்துக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த வீண் உழைப்புக்குப் பம்பிங் லாஸ் என்று பெயர். பாதிச் சிலிண்டரை நிறுத்திவிட்டால் இது குறையும். கேடிலாக் 1981-இல் அப்படி ஒன்றை முயன்று, அன்றைய எலெக்ட்ரானிக்ஸ் கைகொடுக்காமல் கைவிட்டது. இன்று ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய டிரக்குகளில் அது சாதாரணம்.

மைலேஜ் போனால் கார்காரன் பாடு என்று கம்பெனிகள் விட்டுவிட முடியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. லிட்டருக்கு 8 கி.மீ. தரும் கார் கிலோமீட்டருக்கு 288 கிராம் விடுகிறது. 2021-இல் ஐரோப்பாவில் முழுதாக அமலுக்கு வந்த சராசரி இலக்கு 95 கிராம். மீறும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். கம்பெனியின் மொத்த விற்பனைச் சராசரிக்குத்தான் இது கணக்காகும் என்றாலும், மேலே சொன்ன ஒரு காரின் பங்கை மட்டும் பார்த்தால் 18,000 யூரோவைத் தாண்டும். ஆண்டுக்கு 1,000 காருக்குக் குறைவாக விற்பவர்களுக்கு விலக்கு உண்டு. பெரிய என்.ஏ. எஞ்சின்கள் கைவினைக் கம்பெனிகள் பக்கம் ஒதுங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரியும் பெரும்பாலும் சி.சி.யைப் பார்த்தே வருகிறது. சீனாவில் 2008 முதல் 4 லிட்டருக்கு மேற்பட்ட காருக்கு நுகர்வு வரி 40 சதவீதம், 1 லிட்டர் வரை 1 சதவீதம். இத்தாலியில் 2 லிட்டரைத் தாண்டினால் வரி எகிறிய காலத்தில் ஃபெராரியே 2 லிட்டருக்குள் அடங்கிய 208 என்ற வி8 காரைச் செய்தது. என்.ஏ. வடிவத்தில் 155 குதிரைத்திறன்தான் வந்தது. 1982-இல் அதற்கு டர்போ மாட்டினார்கள், 220 வந்தது. நம் ஊரில் இத்தனை கார்கள் 1197, 1199 சி.சி. என்று நிற்பதற்கும் இதுவே காரணம்: நான்கு மீட்டருக்குள், பெட்ரோலில் 1200 சி.சி.க்குள் இருந்தால்தான் சின்ன கார் வரி.

டர்போதான் போட வேண்டும் என்று சட்டம் போட்டவர்கள் யாரும் இல்லை. லிட்டருக்கும் கிராமுக்கும் விலை வைத்தார்கள்; விலை வைத்த பிறகு திணிப்பதே லாபமான வழியாகிவிட்டது.

## எத்தனை பேர் தலையில் பங்கு போடுவது?

ஒரு எஞ்சினை வடிவமைத்து, அச்சு செய்து, ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டிச் சோதித்து, ஒவ்வொரு நாட்டின் மாசுச் சான்றிதழும் வாங்கும் செலவு, 500 எஞ்சின் செய்தாலும் ஐந்து லட்சம் செய்தாலும் பெரிதாக மாறாது. ஒரு பேச்சுக்கு 1,000 கோடி ரூபாய் என்று வைப்போம். 10 லட்சம் கார்களில் போட்டால் ஒரு காருக்கு 10,000 ரூபாய். 500 கார்களில் மட்டும் போட்டால் ஒன்றுக்கு 2 கோடி.

லெக்ஸஸ் எல்.எஃப்.ஏ. இந்த இரண்டாம் வகை. யமஹாவோடு சேர்ந்து உருவாக்கிய 4.8 லிட்டர் வி10, 9,000 ஆர்.பி.எம். வரை பாடும். 2010 முதல் 2012 வரை 500 கார்கள் செய்தார்கள். அந்த எஞ்சின் வேறு எந்தக் காருக்கும் போகவில்லை. அமெரிக்காவில் அதன் விலை 3,75,000 டாலர்.

பி.எம்.டபிள்யூ. 2005-இல் எம்5 காருக்கு 5 லிட்டர் வி10 கொடுத்தது. பத்துச் சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில், 8,250 சுற்று, 507 குதிரைத்திறன். எம்6-ஐத் தவிர அவர்களுடைய வேறு எந்தக் காரிலும் அது இல்லை. அடுத்த எம்5-இல் வந்தது 4.4 லிட்டர் இரட்டை டர்போ வி8. அதன் அடிப்படை பிளாக், 7 சீரிஸ், எக்ஸ்5 போன்ற கார்களுக்கும் போன அதே குடும்பம். முன்பு 520 நியூட்டன் மீட்டருக்கு 6,100 சுற்று வரை ஏற்ற வேண்டியிருந்தது. இப்போது 1,500 சுற்றிலேயே 680. வி10-இன் குரலுக்காக ஏங்குபவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் கணக்கு எழுதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் யாராக இருந்தாலும் அதே கையெழுத்தைத்தான் போட்டிருப்பார்கள்.

## இன்றும் எப்படிச் செய்கிறார்கள்?

ஒரு வழி, முழுச் செலவையும் வாங்குபவரிடமே வைப்பது. கார்டன் மரே ஆட்டோமோட்டிவின் டி.50 காரில் காஸ்வொர்த் என்ற எஞ்சின் நிறுவனம் செய்த 3.9 லிட்டர் வி12 இருக்கிறது. 12,100 ஆர்.பி.எம். வரை சுற்றும், எடை 178 கிலோ. மொத்தம் 100 கார், வரிக்கு முன்பே ஒவ்வொன்றும் 23.6 லட்சம் பவுண்டு.

இன்னொரு வழி, தாழ்ந்த சுற்றில் இருக்கும் பலவீனத்தை மின் மோட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு எஞ்சினை மேல் சுற்றுக்கென்றே வடிப்பது. லம்போர்கினி ரெவுவெல்டோவின் 6.5 லிட்டர் வி12 தனியாக 825 குதிரைத்திறன் தருகிறது. மூன்று மோட்டார்கள் சேர்ந்தால் 1,015.

மூன்றாவது வழி ஜெனரல் மோட்டார்ஸ் போட்ட கணக்கு. எல்.டி.6-ஐ அவர்கள் தனி எஞ்சினாக வடிவமைக்கவில்லை. தொடக்கத்திலிருந்தே கூடவே ஒரு டர்போ வடிவமும் வளர்ந்தது. 5.5 லிட்டர் அடித்தளம் அதேதான். இரட்டை டர்போவோடு அது எல்.டி.7 என்ற பெயரில் கார்வெட் இசட்ஆர்1 காரில் 1,064 குதிரைத்திறன் தருகிறது. டர்போ இல்லாத 8,600 சுற்று எஞ்சின் ஒன்று இன்றும் தொழிற்சாலையிலிருந்து வெளியே வர, அதன் வளர்ப்புச் செலவில் ஒரு பங்கை டர்போ தம்பியும் சுமக்கிறான்.